உள்ளே இழுத்த பாதியும் வெளியே விட்ட பாதியும்

தில்லைமுனையில் பஸ்தியான் அண்ணாவியாரின் வீட்டிலிருந்த வேதப்புத்தகம் மூச்சை உள்ளே மட்டும் இழுத்தது. அவருடைய தம்பி அல்பிரட்டின் வீட்டிலிருந்த வேதப்புத்தகம் மூச்சை வெளியே மட்டும் விட்டது. இரண்டும் ஒரே புத்தகத்தின் துண்டுகள் என்பதால் இப்படித்தான் நடக்கும் என்று ஊர் எடுத்துக்கொண்டது. குறிஞ்சிப்பிட்டி தாண்டிக் கற்பிட்டிக்குப் போகிற வழியில், உப்பங்கழியான களப்பு ஒரு பக்கமும் பெருங்கடல் மறுபக்கமுமாகக் கிடந்த அந்தச் சிறிய ஊரில், காற்று எந்த வீட்டிலிருந்து வருகிறது, எந்த வீட்டுக்குப் போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அண்ணாவியார் வீட்டு யன்னல் சீலைகள் எந்தப் பருவத்திலும் உள்பக்கமாகவே சாய்ந்து நின்றன. சருகு, கோழியிறகு, பழைய தேர்தல் நோட்டீசு, தேத்தண்ணிக் கடை வானொலியில் போன பாட்டு எல்லாம் அவர் வீட்டு வாசலில் வந்து சேர்ந்தன. அவருடைய மனைவி எமிலியானா விடிந்தால் அவற்றைக் கூட்டி அள்ளிக் கொட்டிவிட்டுத்தான் அடுப்பு மூட்டினாள். தம்பி வீட்டில் எதுவுமே தங்காது. அங்கே மாரி காலத்திலும் காய்ந்த காற்று அடித்ததால் கருவாடு போடுகிற பெண்கள் அவன் கொல்லையிலேயே பாய் விரித்தார்கள். குறிஞ்சிப்பிட்டி வெங்காயக்காரர்கள் அவனுடைய கொட்டிலில் வெங்காயப் பிடிகளைத் தொங்கவிட்டார்கள். அந்த வருடங்களில் வெங்காயம் விலை விழுந்ததுண்டு, அழுகியதில்லை.

புத்தகம் இரண்டானது 1985ஆம் ஆண்டு, ஒரு செத்தவீட்டில். அந்தப் புத்தகம் பஸ்தியானின் தகப்பன் மன்னார்ப் பக்கத்து மிசன் பள்ளிக்கூடம் ஒன்றில் சமையற்காரராக இருந்தபோது கிடைத்தது. ஊர் கத்தோலிக்க ஊர், புத்தகம் வேறு சபையின் புத்தகம். ஆனாலும் தில்லைமுனையில் இருந்தது அது ஒன்றுதான் என்பதால் வந்துபோன பாதர்மார் எவரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஆடு மேய்த்தவன், அரசன், வரி வாங்கினவன், மீன்பிடிகாரன் என்று ஆயிரக்கணக்கான வருடங்களாகப் பலபேர் எழுதினாலும், எல்லோரையும் எழுதவைத்த மூச்சு ஒன்று என்று தகப்பன் இரண்டு மகன்மாருக்கும் சொல்லி வளர்த்தார். பஸ்தியான் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். மழை பெய்தாலும் மீன் படாவிட்டாலும் அதற்கொரு வசனம் அவரிடம் இருந்தது. சின்னக் கோயிலில் வாசிக்கவும் செபம் சொல்லவும் ஊர் அவரையே அண்ணாவியாராக வைத்தது. அல்பிரட் கலியாணம் கட்டாதவன், சிரித்த முகக்காரன், சொந்தமாக ஒரு பாய் வள்ளம் வைத்திருந்தான். சாப்பாடு எமிலியானாவின் அடுப்பிலிருந்து.

கொன்சி என்ற விதவையின் ஒரே மகன் சிமியோன் அந்த வருடம் கடலில் சுடப்பட்டுக் கரையில் ஒதுங்கினான். யாருடைய துவக்கு என்று ஒருவருக்கும் தெரியாது, கேட்கவும் ஆளில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பஸ்தியான் பழைய ஏற்பாட்டுப் பாட்டு ஒன்றை வாசித்தார். ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட சனம் அந்நிய ஆற்றங்கரையில் குந்தியிருந்து அழுது, கடைசியில் பகைவரின் குஞ்சு குருமானையும் சேர்த்துச் சபிக்கிற பாட்டு அது. கொன்சியின் ஆத்திரத்துக்கு அது ஆறுதலாக இருக்கும் என்று அவர் நினைத்தார். கடைசி அடி வந்தபோது கூட்டத்துக்குள்ளிருந்து அல்பிரட் எழும்பினான்.

"அண்ணே, நிப்பாட்டுங்க. பிள்ளையைப் பறிகுடுத்தவளுக்கு முன்னால இன்னொருத்தியிட பிள்ளை சாகவேணும் எண்டு வாசிக்கிறீங்க. இதைக் கடவுள் சொல்லியிருக்க மாட்டார். கோபத்தில மனுசன் சொன்னது."

"மனுசனைச் சொல்ல விட்டதும் அவர்தான்," என்றார் பஸ்தியான். "பிடிச்சதைப் பொறுக்கிக்கொண்டு மிச்சத்தைக் கடல்ல கொட்ட இது மீன்கூடை இல்லை."

"அப்ப எனக்கு இயேசு சுவாமியிட பங்கு போதும். உங்கட கோபக்காரரை நீங்களே வைச்சுக்கொள்ளுங்க."

அதற்குப் பிறகு பஸ்தியான் செய்ததை அந்த வீட்டில் நின்ற எவரும் மறக்கவில்லை. புத்தகம் முழுவதும் ஒன்றுதான் என்று வாதாடியவரே அதை முழங்காலில் வைத்து, பழையது முடிந்து புதியது தொடங்குகிற இடத்தில் பிடித்து, இரண்டாகக் கிழித்தார். மெல்லிய பாதியைத் தம்பியின் நெஞ்சில் எறிந்தார். உடனே அண்ணன் கையிலிருந்த தடித்த பாதி நீளமாக ஒரு மூச்சை உள்ளே இழுத்தது, பெட்டியடியில் எரிந்த மெழுகுதிரிகளின் சுவாலைகளெல்லாம் அவர் பக்கம் வளைந்தன. தம்பி கையிலிருந்த பாதி ஒரு மூச்சை வெளியே விட்டது, அவை அணைந்தன. கொன்சி அழுகையை நிறுத்தி இரண்டு பேரையும் பார்த்தாள். பிறகு பிரேதத்தை எடுத்தார்கள்.

அன்றிலிருந்து சகோதரர்கள் பேசவில்லை. கறிச்சட்டி மட்டும் பழையபடி தம்பி வீட்டுக்குப் போய் வந்தது, அதை எமிலியானா நிறுத்தவில்லை, நிறுத்தச் சொல்லப் பஸ்தியானுக்கும் வாய் வரவில்லை. இந்திய இராணுவம் வந்தது, சமாதானம் என்றார்கள், போனது, பிறகும் சண்டை. கற்பிட்டியிலிருந்து வந்த பாதர் இரண்டு வீட்டுக்கும் போய்ப் புத்தகங்களில் காது வைத்துக் கேட்டார். பிழை ஒன்றும் இல்லை, சேர்த்துக் கட்டினால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுத் தேங்காய்ப்பூ ரொட்டி சாப்பிட்டுப் போனார். தம்பி வரட்டும் என்று அண்ணன் இருந்தார், அண்ணன் கூப்பிடட்டும் என்று தம்பி இருந்தான். வருடங்கள் போகப் போகப் பஸ்தியானின் பாதி ஊதிப் பெருத்தது. இழுத்த மூச்சை விட வழியில்லாமல் அது நைலோன் கயிற்றால் கட்டியும் அடங்கவில்லை. ஒரு பெரிய வெள்ளிக்கிழமையன்று அலுமாரிக் கதவைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. அதைத் தூக்கிக் கட்டிலில் கிடத்திவிட்டுப் புருசனும் பெண்சாதியும் நிலத்தில் பாய் போட்டுப் படுத்தார்கள். அல்பிரட்டின் பாதி மெலிந்துகொண்டு வந்தது. அது ஊதிய காற்றில் ஊர்க் கருவாடெல்லாம் காய்ந்ததே தவிர, உள்ளே எதுவும் போனதாகத் தெரியவில்லை. கேட்டால், "இருக்கிறதைக் குடுக்குது, குடுக்கட்டும்," என்று சிரித்தான். ஆனால் எமிலியானா கறி கொண்டுபோகிற நேரங்களில் அவன் அந்தப் புத்தகத்தின் மேல் உள்ளங்கையை வைத்து, காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்ததை அவள் கண்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்து அதைப் பஸ்தியானிடம் சொல்லுவாள். அவர் கேட்டுக்கொண்டிருப்பார். அந்த வருடங்களில் அவரும் தன் புத்தகத்தைப் போலவே ஆகியிருந்தார். ஊரில் எவர் எந்தத் துயரத்தைச் சொன்னாலும் வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார், திருப்பிக் கொடுக்க ஒரு சொல் வரவில்லை.

1990ஆம் ஆண்டு ஐப்பசியில் துவக்குக்காரர்கள் மன்னார்த் தீவிலிருந்த முஸ்லிம் சனங்களை உடுத்த உடுப்போடு வெளியேறச் சொன்னார்கள். பாதை இல்லாததால் சனம் கடலில் இறங்கியது. கற்பிட்டிக் கரையில் வள்ளம் வள்ளமாக வந்து இறங்கினார்கள், மழையில் நனைந்த பிள்ளைகள், முதியவர்கள், கையில் ஒரு பேணி, ஒரு தலையணை. கொஞ்சப் பேர் வழியிலேயே, பத்தலங்குண்டுத் தீவில், எஞ்சினுக்கு எண்ணெய் இல்லாமல் நின்றுவிட்டார்கள். அவர்களுக்குள் தன் தங்கச்சி மர்ளியாவும் அவளுடைய குடும்பமும் இருப்பதாகச் செய்தி கிடைத்து, பஸ்தியானின் பக்கத்து வீட்டுக் கருவாட்டு வியாபாரி மீராசாஹிப் தில்லைமுனைக் கரையில் வள்ளம் வள்ளமாகப் போய்க் கேட்டார். ஒருவரிடமும் மண்ணெண்ணெய் இல்லை. காற்றும் விழுந்துபோன காலம், கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது.

"என்னட்டயும் மண்ணெண்ணெய் இல்ல, மீராசாஹிப் நானா," என்றான் அல்பிரட். "காத்து கிடக்கு."

அவன் வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து, பாய்மரத்தின் அடியில், பாயைப் பார்த்து ஊதுகிறமாதிரி வைத்துக் கட்டினான். ஒரு இலையும் அசையாத அந்தக் காலையில் அவனுடைய பாய் மட்டும் புடைத்துக்கொண்டு வடக்கே போனது. அன்றும் மறுநாளும் அதற்கடுத்த நாளும் அவன் சனத்தைக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டேயிருந்தான். கரையில் எமிலியானாவும் கொன்சியும் கஞ்சி காய்ச்சி ஊற்றினார்கள். மீராசாஹிபின் வீட்டில் நிற்க இடமில்லாமல் போய், கோயிலைத் திறந்துவிட்டார்கள். பஸ்தியானே திறப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். தம்பி இறங்குகிற இடத்துக்கு மட்டும் அவர் வரவில்லை. தென்னைகளுக்குப் பின்னால் நின்று, வள்ளம் கரை தட்டியதைக் கண்டபிறகு வீட்டுக்குப் போனார். அவர் நின்று பார்த்தது அல்பிரட்டுக்குத் தெரியும். புத்தகம் ஒரு சின்னச் செபப்புத்தகத்தின் அளவுக்கு மெலிந்துவிட்டதை அல்பிரட் எவருக்கும் காட்டவில்லை.

மர்ளியாவையும் மிச்சப் பேரையும் கொண்டுவரப் போன வள்ளம் திரும்பவில்லை. மறுநாள் காலையில் தீவுப் பக்கமிருந்து தண்டுவலித்து வந்த ஒரு மீன்பிடிகாரன், அல்பிரட்டின் வள்ளம் நிறையச் சனத்தோடு நடுக்கடலில் அசையாமல் நிற்பதைக் கண்டதாகச் சொன்னான். பாய் செத்த கோழிமாதிரித் தொங்கிக்கொண்டிருந்ததாம். நீரோட்டம் அவர்களை மேற்கே, ஆழக் கடலுக்கு இழுக்கிறது, தண்டு பிடிக்க வள்ளத்தில் பலமுள்ள ஆள் இல்லை, தன் தோணி சின்னது, ஒன்றும் செய்ய முடியவில்லை என்றான்.

பஸ்தியான் வீட்டுக்குள் போய்க் கட்டிலுக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்தார். புத்தகம் கட்டிலை நிறைத்துக் கிடந்து வழமைபோல இழுத்துக்கொண்டிருந்தது. தம்பி வந்து மன்னிப்புக் கேட்பான் என்றுதான் இவ்வளவு காலமும் காத்திருப்பதாக அவர் நினைத்திருந்தார். இப்போது தம்பி வந்தால் போதும் என்று இருந்தது. எமிலியானா கதவடியில் வந்து நின்றாள். இத்தனை வருடத்தில் அவள் அவரை ஒரு சொல்லும் கடிந்து பேசியதில்லை.

"ஊரில உள்ள குப்பையெல்லாம் இழுக்குது உங்கட புத்தகம்," என்றாள். "உங்கட தம்பியை இழுக்காதோ?"

பஸ்தியான் எழும்பினார். வேலிக்கு மேலால் மீராசாஹிபைக் கூப்பிட்டார்.

புத்தகத்தைக் கட்டிலோடுதான் தூக்க வேண்டியிருந்தது. மீராசாஹிப் ஓடிப்போய்க் கிணற்றடியில் கைகால் முகம் கழுவி வுழூ எடுத்துக்கொண்டு வந்தே பிடித்தார். "ரப்புட கிதாபு எண்டு நீங்க சொல்றீங்க, சும்மா தொட ஏலுமா?" என்றார். பெருங்கடல் பக்கத்துக் கரையில் கட்டிலை இறக்கி, பஸ்தியான் மீன்வெட்டும் கத்தியால் நைலோன் கயிற்றை அறுத்தார். புத்தகம் வடக்கே பார்த்துத் திறந்துகொண்டது. முதலில் கரையில் நின்ற நண்டுகள் வந்தன. பிறகு நுரை, மிதந்த தேங்காய்கள், எங்கோ கொடியில் காய்ந்த ஒரு சேட்டு. கடற்புறாக்கள் பின்பக்கமாகப் பறந்து வந்து மணலில் விழுந்து, எழும்பி, திரும்பவும் விழுந்தன. வள்ளம் வரவில்லை. பஸ்தியான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, தண்ணீர் பாரத்தைத் தாங்க, புத்தகத்தை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். சத்தம் போட்டு வாசிக்க வாசிக்க இழுவை கூடியது. அவர் விரும்பி வாசிக்கிற தீர்க்கதரிசிகளைவிட, கோயிலில் எப்போதும் தாண்டி விட்டுவிடுகிற பெயர் வரிசைகள், இன்னாருக்கு இன்னார் பிறந்தார் என்று பக்கம் பக்கமாகப் போகிற பரம்பரைகள், அவைதான் உரத்து இழுத்தன. தகப்பன், மகன், அண்ணன், தம்பி. ஒரு பெயரையும் விடாமல் அவர் வாசித்தார். தொண்டை கட்டியபோது எமிலியானா விட்ட இடத்திலிருந்து வாசித்தாள். பக்கத்தில் நின்ற மீராசாஹிபுக்கு அந்தப் பெயர்களில் பாதி தெரிந்திருந்தது.

"இவங்க எங்கட நபிமார்தானே அண்ணாவி," என்றார். "இப்றாஹீம், யஃகூப், யூசுப். நல்லாச் சத்தமாச் சொல்லுங்க. அவங்களுக்குக் கேக்கட்டும்."

மத்தியானத்துக்குப் பிறகு புத்தகம் பஸ்தியானையே கடலுக்குள் கொண்டுபோகப் பார்த்தது. ஊர் வந்து அவருடைய இடுப்பைப் பிடித்தது, அவர்களுடைய இடுப்பை அடுத்தவர்கள் பிடித்தார்கள். தில்லைமுனைக்காரரும் மன்னாரிலிருந்து வந்து இறங்கியவர்களும் கரைவலை இழுக்கிறமாதிரி வரிசையாக மணலில் காலை ஊன்றிச் சாய்ந்து நின்றார்கள். கொன்சி முன்னுக்கு நின்றாள். வெயில் சாய்கிற நேரத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. பாய் தொங்கியபடி, தண்டு எதுவும் இல்லாமல், வள்ளம் மூக்கை நேரே பஸ்தியானைப் பார்த்து வைத்துக்கொண்டு, வலையில் பட்ட மீன்போல வந்தது. சனம் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தது. மீராசாஹிப் தங்கச்சியின் முகத்தைக் கண்டதும் தண்ணீருக்குள்ளேயே குந்திவிட்டார்.

அல்பிரட் வள்ளத்தின் முன்பக்கம், அணியத்தில் இருந்தான். உதடு வெடித்து, கண் உள்ளே போயிருந்தது. மடியில் புத்தகம் வெறும் காய்ந்த தாளாகக் கிடந்தது. வள்ளம் அண்ணனின் தோளில் வந்து முட்டி நின்றது.

"அண்ணே," என்றான். "மூச்சு முடிஞ்சுபோச்சு."

"என்னட்ட கிடக்குடா," என்றார் பஸ்தியான். "கனக்கக் கிடக்கு."

தம்பியின் மடியிலிருந்ததை எடுத்துத் தன் கையிலிருந்ததோடு, கிழித்த இடத்தில், தாள்களின் பிசிறும் பிசிறும் கோர்க்கிறமாதிரி வைத்து அழுத்தினார். இத்தனை வருடம் உள்ளே இழுத்து வைத்த மூச்சையெல்லாம் புத்தகம் அப்போது விட்டது. அது சுள்ளென்ற காற்று இல்லை. அடுப்படியின் சூடு போல, பால் குடித்த பிள்ளையின் மூச்சு போல வந்தது. வள்ளத்திலிருந்தவர்களின் ஈர உடுப்புகள் உடம்போடேயே காய்ந்தன. ஒரு குழந்தை கொட்டாவி விட்டது. அந்த நேரம் பத்தலங்குண்டுக்கு அப்பால் தொழிலில் நின்றவர்களும் முகத்தில் காற்றுப் பட்டதாகப் பிறகு சொன்னார்கள். புத்தகம் பழைய தடிப்புக்கு வந்தது.

அதைத் தைத்துக் கட்டியவர் மர்ளியாவின் புருசன் நூஹு. ஊரில் இருந்தபோது மதரசாவின் கிதாபுகளுக்கு மட்டை போட்டுக் கொடுத்தவர். ஊசிகூடக் கொண்டுவர விடவில்லை என்பதால் வலை முடிகிற ஊசியும் நூலும் கேட்டு வாங்கினார். கோயில் வளவுப் பூவரசின் கீழே வெள்ளைத்துணி விரித்து, வுழூ எடுத்து, தாள்களை அடுக்கத் தொடங்கினார். அல்பிரட் தயங்கித் தயங்கி வந்து பக்கத்தில் குந்தினான். ஒரு தாளை மட்டும் விட்டுவிட்டுத் தைக்கலாமா என்று கேட்டான். எந்தத் தாள் என்று அண்ணனுக்குத் தெரியும். நூஹுதான் அதில் என்ன எழுதியிருக்கிறது, வாசித்துக் காட்டுங்கள் என்றார். பஸ்தியான் வாசித்தார். துரத்தப்பட்ட சனம் ஆற்றங்கரையில் இருந்தது, அவர்களைத் துரத்தியவர்களே பாட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டது, ஊரை மறந்தால் என் கை விளங்காமல் போகட்டும் என்று ஒருவன் சொன்னது. பிறகு அந்தக் கடைசி அடி. அதை அவர் செத்தவீட்டில் வாசித்ததுபோல வாசிக்கவில்லை. குரல் இறங்கிவிட்டது.

நூஹு ஊசியை மடியில் வைத்துவிட்டார். பூட்டிவிட்டு வந்த வீட்டின் திறப்பு இன்னும் அவருடைய சாரன் மடியில் இருந்தது.

"இத எடுக்க வேணாம் தம்பி," என்றார். "எங்களைத் துரத்தினவங்கட பிள்ளையளுக்கு ஒண்டும் வரப்படாது. அல்லாஹ் காப்பாத்தோணும். ஆனா வெளியாகி வந்த அண்டைக்கு என்ட மனசில இரிந்தது இதுதான். அதை ரப்புக்கிட்டச் சொல்லாம வேற யாருக்கிட்டச் சொல்ற? சொல்லிப்போட்டுத்தான் நான் நித்திரை கொண்டது. இத வெட்டினா, சொல்ற வாயை வெட்டின மாதிரி."

அல்பிரட் அந்தத் தாளைக் கையில் வாங்கினான். மடிந்திருந்த மூலையை விரலால் நீவி நேராக்கினான். தன்னுடைய பங்கில், சிலுவையில் தொங்கினவர் தன்னை அறைந்தவர்களுக்காக மன்றாடுகிற பக்கத்தை எடுத்து அதோடு வைத்துப் பார்த்தான். அண்ணனும் தம்பியும் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். இரண்டும் மெல்ல எழும்பின, மெல்லத் தாழ்ந்தன, ஒரே நேரத்தில். அல்பிரட் இரண்டையும் நூஹுவிடம் கொடுத்தான். அவர் அவற்றை அவற்றவற்றின் இடத்தில் வைத்துத் தைத்தார். கொன்சி தன் மகனின் நீலச் சாரனைக் கொண்டுவந்து மட்டைக்குப் போடக் கொடுத்தாள்.

அதன் பிறகு புத்தகம் கோயிலிலேயே இருந்தது. ஊரில் காற்று மற்ற ஊர்களில் அடிக்கிறமாதிரி அடித்தது. கருவாட்டுப் பெண்கள் கொஞ்ச நாள் முணுமுணுத்தார்கள். நூஹுவும் மர்ளியாவும் ஊருக்குத் திரும்புகிற நாளைப் பார்த்துப் பார்த்து அகதி முகாமில் ஓலைக்கொட்டில் கட்டினார்கள். ஓலை தகரமானது, தகரம் கல்லானது, அவர்களுடைய மகள் றம்லா அங்கேயே வாழ்க்கைப்பட்டாள். பஸ்தியான் வாசிக்கும்போது அல்பிரட் முன்வாங்கில் இருந்து கேட்டான். வீட்டுக்குப் போகிற வழியில் இருவரும் வாசித்ததைப் பற்றிச் சண்டை பிடித்துக்கொண்டே போனார்கள், சாப்பிட எமிலியானாவின் அடுப்படியில் ஒன்றாக இருந்தார்கள்.

யுத்தம் முடியாத இன்னொரு வருடத்தில் கொழும்புப் பக்கத்திலிருந்து ஒரு இளம் பாதர் தில்லைமுனைக்கு மாற்றலாகி வந்தார். முதல் பூசையில் இரண்டாம் வாசகம் முடிந்து கோயில் அமைதியானபோது, அவருக்கு ஒரு சத்தம் கேட்டது. நித்திரை கொள்கிற பெரிய மனிதர் ஒருவரின் மூச்சுப்போல, இழுத்து, நின்று, விட்டது. அவர் பீடத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார், பாடகர் பக்கம் பார்த்தார், பிறகு முன்வரிசையிலிருந்த எமிலியானாவிடம் மெதுவாகக் குனிந்து, யாருக்காவது சுகமில்லையா என்று கேட்டார்.

"இல்லை பாதர், அது புத்தகம்," என்றாள் எமிலியானா. "நீங்க சுவிசேசத்தை வாசிங்க, அது காத்துக்கொண்டிருக்கு."

பாதர் சுவிசேசத்தை வாசித்தார்.